போர்க்களத்தில் ஒரு தராசு

கிரேக்கர்கள் தங்கள் கப்பல்களைக் காக்க எழுப்பிய மதிலின் மேல் ட்ராய் வீரர்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். மதிலெங்கும் ரத்தம். இரு தரப்பும் ஓரடிகூட விட்டுக்கொடுப்பதாக இல்லை. பழைய கிரேக்கக் காவியமான இலியட்டின் 12ஆம் காண்டத்தில் இந்தச் சரிசமமான மோதலைச் சொல்லக் கவிஞர் ஹோமர் கூப்பிடுவது, கம்பளி நூற்றுப் பிழைக்கும் ஒரு பெண்ணை. ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் கம்பளி. தராசு இம்மியும் சாயாமல் தூக்கிப் பிடிக்கிறாள். கிடைக்கப்போவது அற்பக் கூலி. அதில்தான் பிள்ளைகளின் வயிறு நிறைய வேண்டும். உடனே போர் தொடர்கிறது. அவளுக்குப் பெயரும் இல்லை, அவள் மறுபடி வருவதும் இல்லை.

சமநிலையைக் காட்டத் தராசே போதுமே, பிள்ளைகள் எதற்கு? அந்த உபரியில்தான் இலியட்டின் உயிர் இருக்கிறது என்பேன்.

4ஆம் காண்டத்தில் அம்பு பட்ட கிரேக்க மன்னன் மெனலாஸின் தொடையில் ரத்தம் வழிகிறது. நாம் பதற வேண்டிய நேரம். ஹோமரோ நம்மைச் சின்ன ஆசியாவின் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போகிறார். அங்கே ஒரு பெண் யானைத் தந்தத்துக்குச் செஞ்சாயம் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். குதிரையின் கன்னத்தில் பூட்டும் அணி அது. குதிரைக்காரர்கள் பலர் அதன்மேல் ஆசை வைத்திருக்க, அரசனுக்கென்று உள்ளறையில் காத்திருக்கிறது. 16ஆம் காண்டத்தில் அழுதுகொண்டு வரும் தன் நண்பன் பத்ரோக்ளஸைப் பார்த்து, அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துத் தூக்கச் சொல்லி அடம்பிடிக்கும் சின்னப் பெண்போல இருக்கிறாயே என்கிறான் கிரேக்கப் பெருவீரன் அக்கிலிஸ். அன்றைக்கே பத்ரோக்ளஸ் சாகப்போகிறான்.

இந்த உவமைகள் எங்கிருந்து வந்தன? கதை நடக்கும் காலம் வேறு, பாடியவர் காலம் வேறு. 10ஆம் காண்டத்தில் காட்டுப்பன்றித் தந்தங்களை வரிசையாகப் பதித்த ஒரு தலைக்கவசம் வருகிறது. அப்படிப்பட்ட கவசங்கள் வெண்கலக் கால மைசீனியக் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. ஹோமரின் காலம் என்று பொதுவாகக் கருதப்படும் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அவை வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. வீரர்கள் அந்தப் பழைய உலகத்தவர்கள். கம்பளிக்காரியும் தந்தத்துக்குச் சாயமேற்றுபவளும் பாட்டைக் கேட்க உட்கார்ந்திருந்தவர்களின் தெருவைச் சேர்ந்தவர்கள். கேட்பவர் தம் வீட்டை அடையாளம் கண்டுகொள்ளும் வாசல் உவமைதான்.

ஆம், கேட்பவர்தான், வாசிப்பவர் பிறகு வந்தவர். 15,693 அடி கொண்ட இந்தக் காவியத்துக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையான வாய்மொழிப் பாட்டு மரபு இருந்தது. அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி 1933-35இல் யூகோஸ்லாவியாவில் குஸ்லே என்ற ஒற்றை நரம்பு வாத்தியத்தை வாசித்துக் கதை பாடியவர்களைப் பதிவுசெய்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவ்டோ மெடெடோவிச் 1935இல் 12,000 அடிகளுக்கு மேற்பட்ட ஒரே பாட்டை வாய்மொழியாகவே தந்தார். பாடகன் எதையும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்வதில்லை, சந்தத்துக்குத் தயாராக இருக்கும் தொடர்களை வைத்து அந்தந்த வேளையில் கட்டிக்கொள்கிறான் என்பது பாரியும் அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டும் காட்டிய வழி. ஆகவேதான் கோபித்துக்கொண்டு கப்பலருகே சும்மா உட்கார்ந்திருக்கும் அக்கிலிஸும் ‘விரைந்தோடும் கால்களையுடைய’வன், பட்டப்பகலிலும் வானம் ‘விண்மீன் நிறைந்த’து. ஈழத்து அறிஞர் க. கைலாசபதி, கிரேக்க இலக்கிய ஆய்வாளர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் செய்த ஆய்வில் இதே கண்ணோட்டத்தைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தார். 1968இல் அது ஆங்கில நூலாக வந்தது.

தயார்த் தொடர்களால் கட்டியது என்றதும் இயந்திரத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. 6ஆம் காண்டத்தில் போருக்குப் புறப்படும் ட்ராய் வீரன் ஹெக்டர் தன் கைக்குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். வெண்கலப் பளபளப்பையும் தலைக்கவசத்தின் மேல் ஆடும் குதிரைமயிர்க் குஞ்சத்தையும் பார்த்துக் குழந்தை வீறிட்டுத் தாதியின் மார்பில் ஒட்டிக்கொள்கிறது. அப்பாவும் அம்மாவும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையை முத்தமிட்டுத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிறான். வீரன் அப்பாவாக வேண்டுமென்றால் முதலில் அதைக் கழற்றத்தான் வேண்டும். ஹோமர் இதற்கு ஒரு விளக்கமும் சொல்வதில்லை. 22ஆம் காண்டத்தில் ஹெக்டர் மதிலுக்கு வெளியே செத்துக் கிடக்கிறான். வீட்டுக்குள்ளே அவன் மனைவி ஆந்த்ரோமக்கி தறியில் நெய்துகொண்டே, கணவன் வந்ததும் குளிக்க வெந்நீர் போடச் சொல்கிறாள். ஒப்பாரி கேட்கிறது. கையிலிருந்த நாடா நழுவி விழுகிறது. இதைவிடக் கொடுமையாக ஒரு சாவை எந்தப் போர்க்காட்சியாலும் சொல்லிவிட முடியாது.

எல்லாப் பக்கமும் இப்படி இருக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். 2ஆம் காண்டத்தின் கப்பல் பட்டியல் நமக்கு அலுப்புத்தான். தங்கள் ஊர்ப் பெயர் எப்போது வரும் என்று காத்திருந்த கிரேக்கர்களுக்கு அது விருந்தாக இருந்திருக்கும். ட்ராயை வீழ்த்திய மரக்குதிரையைத் தேடிப் போகிறவர்களும் ஏமாறுவார்கள். அது ஹோமரின் மற்றொரு காவியமான ஒடிசியில் நினைவுகூரப்படுகிறது. இலியட் ஹெக்டரின் ஈமச் சடங்கோடு முடிந்துவிடுகிறது.

புதிதாகத் தொடுகிறவர்கள் முதல் பக்கத்திலிருந்து மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் 6ஆம் காண்டம், அடுத்து 22. அதன்பின், மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலிஸின் கையையே முத்தமிட்டு மகன் உடலைக் கேட்டு நிற்கும் கிழவன் பிரயமின் 24. முடிந்தால் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். காதுக்கென்றே செய்த காவியம் இது.