பிராட்வே சந்தியைக் கூட்டியது யார்?

‘நகர இலக்கியம்’ என்று ஒன்றைத் தமிழில் பெருமையாகச் சொல்கிறோம். இது நவீனம், சாதி தாண்டிய தனிமனிதனின் கதை என்கிறார்கள் விமர்சகர்கள். தாண்டியது யாருடைய சாதி என்பதுதான் என் கேள்வி.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை எடுத்துக்கொள்வோம். சென்னையின் மையமான பிராட்வே - எஸ்பிளனேடு சந்தியில் அது தொடங்குகிறது. பிள்ளை காசுக் கணக்குப் போட்டபடி நிற்கிறார். கடவுள் வந்து வழி கேட்கிறார். காபி ஹோட்டல், ரிக்‌ஷா, திருவல்லிக்கேணி என்று நகரம் விரிகிறது. கடவுளையே கேலி செய்யத் துணிந்த பேனா அது, அதை மறுக்கவில்லை. ஆனா, அந்தச் சந்தியை விடியறதுக்கு முன்னாடி கூட்டினது யாரு? ஹோட்டல் கக்கூசுல அள்ளினது யாரு? கதை கேட்கவே இல்லை. இதே புதுமைப்பித்தன்தான் ‘துன்பக்கேணி’யில் மருதியோடு இலங்கைத் தேயிலைத் தோட்டம் வரை போனவர். ஆக, சேரியில் நாம் தெரிகிறோம், தோட்டத்தில் தெரிகிறோம்; நகரத்தின் நடுத்தெருவில் மட்டும் காணாமல் போகிறோம்.

பார்வை நிற்கிற இடம் அப்படி. பிள்ளையின் நடைபாதையிலிருந்து பார்த்தால் கூட்டம் தெரியும், டிராம் தெரியும், வேலை தெரியாது. தெரு தானாகவே சுத்தமாக இருப்பதுபோல் தோன்றும். இந்தத் தோற்றத்துக்குத்தான் நகர அழகியல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தின் மீதான மயக்கத்தை அம்பேத்கர் உடைத்தார். கிராமத்தை விட்டு வெளியேறுவது நமக்கு விடுதலையின் ஒரு வழி. நான் வாழும் ஓசூர் அந்த நம்பிக்கையில் வந்தவர்களால் நிறைந்த ஊர். சிப்காட் வந்தது, 1980-ல் அசோக் லேலண்டு வந்தது, 2019-ல் ஊர் மாநகராட்சியும் ஆனது. மூன்று மொழி கேட்கும் பேருந்து நிலையத்தில் விடிகாலையில் நின்று பாருங்கள். அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்கு ஒரு வரிசை. மேஸ்திரி கூப்பிடக் காத்திருக்கும் கொத்தனார், சித்தாள் ஒரு கும்பல். இவர்களை எழுதவாவது ஆள் இருக்கிறது. பாதித் தெருவைக் கூட்டி முடித்துவிட்ட அம்மாவிடம், “எப்பம்மா வந்தீங்க?” என்றேன். “நீ எந்திரிக்கறதுக்கு முன்னாலயே வந்தாச்சு சாமி. யாரு பாத்தா?” என்றார். நம் நகர இலக்கியத்தின் மீது இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. விழுப்புரத்திலிருந்து விழி.பா. இதயவேந்தன் நகரசுத்தித் தொழிலாளர் வாழ்வை எழுதினார். 2017-ல் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் அந்தக் கைகளைச் சாதியின் பெயர் சொல்லிக் காட்டியது. பல இடங்களில் திரையிடவே விடவில்லை. ஆனால் இவற்றை ‘தலித் இலக்கியம்’, ‘பிரச்சினைப் படம்’ என்று தனி மூலையில் ஒதுக்கிவிட்டு, நகர இலக்கியத்தைப் பழையபடி காபி ஹோட்டலுக்கே விட்டுவிடுகிறார்கள். ஊருக்கு வெளியே சேரி. நகர இலக்கியத்துக்கு வெளியே தலித் இலக்கியம். இது விமர்சனத்தின் தீண்டாமை இல்லாமல் வேறென்ன?

அரசும் சொல்லை மாற்றுகிறது. ‘துப்புரவு’ போய் ‘தூய்மை’ வந்தது. பேர் மாறிச்சு, கை மாறல. எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பதால் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. 2022 ஜூலையில் பெங்களூருவில் பௌரகார்மிகர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 மே 1 அன்று அங்கே 12,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நிரந்தரப் பணி ஆணை கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தார்கள். 13 நாள் கழித்து நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. நிரந்தரம் என்பது யாரும் கொடுத்த கருணை அல்ல, போராடி வாங்கியது என்று அங்கே தெரிகிறது. வேலை நிரந்தரமானாலும் அதைச் செய்யும் சாதி மாறவில்லை என்பதும் தெரிகிறது. இரண்டையும் சேர்த்து எழுதுகிற நாவல்தான் நமக்கு வேண்டும். பரிதாபக் கதை வேண்டாம், தோழர்களே. கூலி, ஒப்பந்தம், கங்காணி, அவர்களின் கிண்டல், கோபம் எல்லாம் உள்ள கதை வேண்டும்.

பிராட்வே இருப்பது ராயபுரம் மண்டலத்தில். கந்தசாமிப் பிள்ளை நின்ற சந்தியைக் கூட்டுகிறவர்கள்தான் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். இனிமேலும் ‘நாங்கள் பார்க்கவில்லை’ என்று நகர எழுத்தாளர் சொல்ல முடியாது.