கையேந்தாத ஊழியம்: ஹட்சன் டெய்லரின் ஜெபவழி குறித்து ஒரு மதிப்பீடு

1851-இல் இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரில் ஒரு மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்த ஹட்சன் டெய்லருக்கு வயது பத்தொன்பது. சீனாவுக்கு மிஷனெரியாகப் போவதென்று தீர்மானித்திருந்தார். அங்கே தனக்கென்று யாரும் இருக்கமாட்டார்கள், கடவுளிடம் மட்டுமே கேட்க முடியும் என்று நினைத்தார். ஆகவே, மனிதரிடம் வாய்திறக்காமல் ஜெபத்தாலேயே மனித மனங்களை அசைக்கும் வித்தையைக் கப்பலேறும் முன்பே பழகிவிட வேண்டும் என்று முடிவெடுத்தார். மருத்துவருக்கு மறதி அதிகம். சம்பள நாள் வந்தால் ஞாபகப்படுத்தும்படி அவரே சொல்லிவைத்திருந்தார். டெய்லர் ஞாபகப்படுத்தவில்லை.

ஒரு ஞாயிறு இரவு கையில் மிஞ்சியிருந்தது அரை கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங் நாணயம் ஒன்று. ஓர் ஏழை மனிதர் வந்து, சாகக்கிடக்கும் தன் மனைவிக்காக ஜெபிக்கக் கூப்பிட்டார். போன வீட்டில் பட்டினி. பரமபிதா பார்த்துக்கொள்வார் என்று அவர்களுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கியவருக்கு, பையிலிருந்த நாணயம் உறுத்தியது. ஜெபத்தின் நடுவே வார்த்தை வரவில்லை. கடைசியில் அதைக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் காலைத் தபாலில் ஒரு ஜோடி கையுறை வந்தது. உள்ளே பத்து ஷில்லிங் மதிப்புள்ள அரை சாவரின் பொற்காசு. அனுப்பியவர் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு மணி நேரத்தில் நான்கு மடங்கு திரும்பிவிட்டதே என்று பின்னாளில் அவரே வேடிக்கையாக வட்டிக்கணக்கு போட்டிருக்கிறார்.

மிஷனெரிப் பயணத்தில் ஜெபத்தை நம்பக் கற்றுக்கொள்வது பற்றிப் பேசும் எவரும் இந்தக் கதைக்கு வந்து சேர்வார்கள். தமிழ்ச் சபைகளின் பிரசங்க மேடைகளுக்கும் இது புதிதல்ல. ஆனால் இந்தக் கதைக்குள் மூன்று வேறு வேறு கூற்றுகள் ஒன்றாக முடிச்சிடப்பட்டிருக்கின்றன. கேட்காமல் ஜெபிப்பது மனிதனைச் செதுக்கும் பயிற்சி என்பது ஒன்று. கடவுள் இருக்கிறார், தருகிறார் என்பதற்கு அது நிரூபணம் என்பது இரண்டாவது. ஓர் ஊழிய நிறுவனத்தையே அப்படி நடத்தலாம் என்பது மூன்றாவது. பெரும்பாலான சாட்சிகள் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. தனித்தனியாக நிறுத்தால் எடை மிகவும் வேறுபடுகிறது.

இந்த வழி டெய்லர் கண்டுபிடித்ததல்ல. எக்ஸிட்டரில் நல்ல வருமானமுள்ள பல்மருத்துவராக இருந்த அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ், 1829-இல் எந்தச் சங்கத்தின் சம்பளமும் இல்லாமல் பாக்தாதுக்குக் கிளம்பிப் போனார். அவருடைய தங்கையை மணந்தவர் ஜார்ஜ் முல்லர். பிரஷ்யாவிலிருந்து வந்து பிரிஸ்டலில் குடியேறிய இவர் 1836-இல் அநாதை இல்லம் தொடங்கினார்; 1870-க்குள் அந்நகரின் ஆஷ்லி டவுன் பகுதியில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்தன; ஏறத்தாழ இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு இடம். கடன் கிடையாது, நன்கொடை வேண்டுகோள் கிடையாது. டெய்லர் 1865 ஜூன் 25 அன்று பிரைட்டன் கடற்கரையில், சீனாவின் உட்பகுதிக்கு 24 ஊழியர்களைத் தரும்படி ஜெபித்து, பத்து பவுண்டில் வங்கிக் கணக்கு தொடங்கியபோது, இந்த இருவரின் முன்னுதாரணமும் அவருக்கு முன்னால் இருந்தது. அப்படிப் பிறந்ததுதான் சீன உள்நாட்டு மிஷன்.

முதலில் பயிற்சி என்ற கூற்று. இதில் இந்த வழியின் பலம் உண்மையானது. டெய்லரை 1853-இல் சீனாவுக்கு அனுப்பிய சங்கம் கடன்வாங்கி ஊழியம் நடத்தியது. அவருக்கு வரவேண்டிய பணமும் ஒழுங்காக வரவில்லை. கடவுளின் வேலையைக் கடனில் செய்வது தவறு என்று சொல்லி 1857-இல் அதிலிருந்து விலகினார். பிறகு அவர் தொடங்கிய மிஷனில் நிச்சயச் சம்பளம் யாருக்கும் இல்லை. வந்ததைப் பங்கிட்டுக்கொள்வது, வராததைச் செலவிடாமல் இருப்பது என்பதே விதி. நன்கொடை கேட்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பழைய சங்கங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காணிக்கையைத் தன் பக்கம் இழுத்துவிடக் கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். மிஷன் சங்கங்கள் ஒரே பணப்பைக்காகப் போட்டியிடும் உலகத்தில் இது சிறிய பண்பல்ல.

கொடுப்பவருக்கும் இதில் ஒரு விடுதலை உண்டு. யாரும் முகத்துக்கு நேரே வந்து கேட்காதபோது, கொடுப்பது அவருடைய சொந்த முடிவாகிறது. ஊழியருக்கும் அப்படியே: பணக்காரரின் வரவேற்பறையில் குழைந்து நிற்கத் தேவையில்லை, நன்கொடையாளருக்குப் பிடித்தமாதிரி அறிக்கையை அலங்கரிக்கத் தேவையில்லை. இந்தப் பழக்கம் நெருக்கடியில் என்ன செய்தது என்பதை 1900-இல் பார்க்கலாம். சீனாவில் வெளிநாட்டவருக்கு எதிராக மூண்ட பாக்ஸர் கலகத்தில் இந்த மிஷனைச் சேர்ந்த பெரியவர்கள் 58 பேரும் குழந்தைகள் 21 பேரும் கொல்லப்பட்டார்கள். வல்லரசுகள் சீனாவிடமிருந்து பெருந்தொகையை இழப்பீடாகப் பறித்தபோது, அதிகமாக இழந்த இந்த மிஷன் அதை வாங்க மறுத்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் உரிமைகோராமல் இருந்து பழகிய கை அங்கேயும் நீளவில்லை. ஜெபப் பயிற்சி குணமாக மாறியதற்கு இதைவிட நல்ல சான்று அதன் வரலாற்றில் இல்லை.

நிரூபணம் என்ற கூற்றுக்கு வரும்போது தராசு சாய்கிறது. டெய்லர் யாரிடமும் பணம் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் 1865-லேயே சீனாவின் ஆன்மிகத் தேவையை விவரித்து ஒரு நூல் வெளியிட்டார். 1875 முதல் மிஷனுக்கென்று ஒரு பத்திரிகை வந்தது. ஊர் ஊராகக் கூட்டங்களில் பேசினார். 1887-இல் நூறு புதிய ஊழியர்கள் வேண்டும் என்ற ஜெபம் அறையைப் பூட்டிக்கொண்டு செய்ததல்ல, நாடறிய அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டில் 102 பேர் தெரிவாகிச் சென்றார்கள். முல்லரும் ஆண்டறிக்கைகளில் ஒவ்வொரு தேவையும் எப்படித் தீர்ந்தது என்று நாள்வாரியாக அச்சிட்டார். அவற்றைப் படித்தவர்கள்தான் கொடுத்தார்கள். டெய்லரின் ஊழியர்களுக்கே முல்லர் பணம் அனுப்பியிருக்கிறார்; ஒரு நம்பிக்கை வட்டம் இன்னொன்றைத் தாங்கியது.

இதைப் பாசாங்கு என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. 1841-ஆம் ஆண்டின் கடைசியில் பணமுடை கடுமையாக இருந்தபோது, அறிக்கையும் பொதுக்கூட்டமும் மறைமுகமான வேண்டுகோளாகிவிடும் என்று அஞ்சி முல்லர் அவற்றைத் தள்ளிப்போட்டார். தன் மனசாட்சியை இவ்வளவு கறாராக வைத்துக்கொண்டவர்கள் அரிது. ஆனால் மனசாட்சியின் தூய்மை வேறு, விளைவின் காரணம் வேறு. அன்றன்றைய தேவையைச் சொல்லாவிட்டாலும், இப்படி ஓர் இல்லம் இருக்கிறது, இது காணிக்கையால் வாழ்கிறது என்பது நாடறிந்த செய்தி.

புத்தகமும் பத்திரிகையும் தபாலும்கூடக் கடவுள் பயன்படுத்தும் வழிகள்தானே என்று ஒரு விசுவாசி பதில் சொல்லலாம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டால், நேராகக் கேட்டு வாங்குவதும் கடவுள் பயன்படுத்தும் வழியாகிவிடுகிறது. பவுல் எருசலேம் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையாரிடம் வெளிப்படையாகக் கேட்டவர். தனக்கென்று வந்தபோது அதே கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர். பிலிப்பி சபை அனுப்பியதை மறுக்காமல் வாங்கிக்கொண்டவர். மூன்றுக்கும் பின்னால் ஒரே விசுவாசம். அப்படியானால் கேட்காமல் கிடைத்த பணத்துக்கு மட்டும் தனிப் புனிதம் எங்கிருந்து வருகிறது?

இந்தச் சாட்சி மரபு வரவை மட்டும் எழுதி வைத்த கணக்குப் புத்தகம். பாக்தாதில் குரோவ்ஸ் ஜெபிக்காமல் இல்லை. 1831-இல் கொள்ளைநோயும் வெள்ளமும் ஒருசேர நகரத்தை அழித்தபோது அவருடைய மனைவி இறந்தார். டெய்லரின் எட்டு வயது மகள் கிரேஸ் 1867-இல் இறந்தாள். 1870-இல் இரண்டு பிள்ளைகளும் மனைவி மரியாவும் ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள். அவர்களுக்காகவும் டெய்லர் ஜெபித்திருப்பார். அதன்பின்னும் அவர் நம்பிக்கை உடையவில்லை என்பது பெரிய விஷயம். ஆனால் அது முதல் கூற்றுக்கு வலுச் சேர்க்கிறதே தவிர இரண்டாவதற்கு அல்ல. கையுறைக்குள் வந்த பொற்காசு ஜெபம் பலித்ததற்கு நிரூபணம் என்றால், கிரேஸின் மரணத்தையும் அதே தராசில் வைக்க வேண்டும். வைக்க மாட்டோம் என்றால் பொற்காசையும் எடுத்துவிட வேண்டும்.

அந்த வேடிக்கையான வட்டிக்கணக்கின் வாரிசுகளையும் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். விதை விதையுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள் என்று தொலைக்காட்சியில் காணிக்கை திரட்டுபவர்கள் டெய்லரின் சீடர்கள் அல்லர், அவர் அருவருத்திருப்பார். ஆனாலும் கொடுத்தால் பெருகித் திரும்பும் என்ற கதையை நிரூபணமாக நூறாண்டு காலம் சொல்லிச் சொல்லிப் பழக்கியதில் அவர்களுக்குப் பாதை எளிதாகிவிட்டது.

மூன்றாவது கூற்று நிர்வாகம். இங்கேதான் இந்த வழியின் ஆழமான குறை இருக்கிறது. அதன் விதையும் ஹல் நகரக் கதையிலேயே கிடக்கிறது. பொற்காசு வந்தபின்னும் மருத்துவர் சம்பளத்தை நினைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை டெய்லர் வீட்டுக்காரம்மாவுக்கு வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பணம் அந்த அம்மாவுக்கு உண்மையில் தேவை. அவருக்காகவாவது மருத்துவரிடம் சொல்வது என் கடமையல்லவா என்ற கேள்வி டெய்லருக்கும் எழாமல் இல்லை. ஜெபித்துப் பொறுத்திருப்பது என்று முடிவு செய்தார். அன்றிரவு ஒரு பணக்கார நோயாளி எதிர்பாராமல் வந்து பாக்கியைத் தீர்க்க, மருத்துவர் டெய்லருக்குக் கொடுத்தார். கதை சுபமாக முடிந்தது. ஆனால் அந்த நோயாளி வந்திருக்காவிட்டால் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பவர் டெய்லர் மட்டுமல்ல. சோதனையைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர். அதன் ஆபத்தில் பங்கு இன்னொருவருக்கும். அந்த அம்மாவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ஒரு தனிமனிதனின் விரதம் நிறுவனத்தின் விதியாகும்போது, இந்த வீட்டுக்காரம்மாக்களின் எண்ணிக்கை பெருகுகிறது. பிரிஸ்டலின் பிள்ளைகள் முல்லரின் விரதத்தை ஏற்றுக்கொண்டு அங்கே வந்தவர்கள் அல்லர். தமிழ்நாட்டிலேயே இரண்டு உதாரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உக்கிரன்கோட்டையில் பிறந்து, பாளையங்கோட்டையில் மிஷனெரி ரேனியஸிடம் படித்து, குரோவ்ஸோடு பழகிய ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், மிஷன் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லிக் கிறிஸ்டியான்பேட்டை என்ற கிறிஸ்தவக் குடியிருப்பை உருவாக்கினார். தன் தோளில் தானே ஏற்றிக்கொண்ட சுமை அது. 1901 முதல் டோனாவூரில் பணியாற்றி, குழந்தைகளை வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேலும் பணம் கேட்பதில்லை என்ற கொள்கையை வைத்திருந்தார். அவருடைய புத்தகங்கள் பிரிட்டனில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு டோனாவூரை அறிமுகப்படுத்தின. அங்கே வளர்ந்த குழந்தைகளுக்கு உணவும் படிப்பும் கிடைத்தன என்பதால் அந்தக் கொள்கை சரியாகிவிட்டதா? பணம் வராமல் போயிருந்தால் முதலில் குறைந்திருப்பது யாருடைய தட்டு என்ற கேள்வியை, வந்துவிட்ட பணம் அழித்துவிடாது.

இந்தக் கேள்வி பழங்கதையல்ல. அடித்தட்டில் உழைக்கும் சுவிசேஷகரிடம் விசுவாசத்தில் வாழுங்கள் என்று சொல்லிவிட்டு, கூலி கொடுக்கும் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ளும் நிறுவனங்கள் இன்றும் உண்டு. டெய்லர் தன் சம்பளத்தைக் கேட்காமலிருந்தார். அடுத்தவர் சம்பளத்தைக் கேட்கவிடாமல் செய்வதற்கு அவர் பெயரைப் பயன்படுத்துவது அவருக்கே இழைக்கும் அநீதி.

குறுகிய கால மிஷன் பயணங்கள் வேறொரு வகை. பத்துப் பதினைந்து நாளுக்கு வெளிநாடு போகும் இளைஞர்களின் கையில் திரும்பிவரும் டிக்கெட்டும் காப்பீடும் இருக்கின்றன; பயணச் செலவுக்கு முன்பே கடிதம் எழுதிப் பணம் சேர்த்தாயிற்று. நேராகக் கேட்டார்கள் என்பதில் குறையில்லை, பவுலும் கேட்டார். சிக்கல், திரும்பி வந்தபின் சொல்லும் சாட்சியில் இருக்கிறது. வழி தெரியாமல் நின்றபோது ஒருவர் வந்தார், சாப்பாடு இல்லாதபோது சாப்பாடு வந்தது, ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்கிறார்கள். வந்தவர் உள்ளூர்ச் சபை ஏற்பாடு செய்த ஆள். சமைத்தவர் அந்தச் சபையின் பெண்கள், ஒருவேளை தங்கள் கூலி நாளை விட்டுவிட்டு. கடவுளுக்கு நன்றி சொல்லும் அவசரத்தில் அவர்கள் கதையிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். இந்தப் பயணங்களில் மொழி தெரியாத ஊரில் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கக் கற்றுக்கொள்வது நல்ல பாடம்தான். அந்தப் பிறர் யாரென்று பெயரோடு தெரிந்துகொண்டால்தான் அது முழுப் பாடம்.

ஆக, இந்த மரபை முழுதாக ஏற்கவும் வேண்டாம், முழுதாகக் கழிக்கவும் வேண்டாம். கடன்படாமை, வரவுசெலவைத் திறந்து வைப்பது, கொடுப்பவரை நெருக்காமை ஆகிய மூன்றும் எந்த ஊழியத்துக்கும் அணி. சாட்சி சொல்பவர்கள் கிடைக்காத விண்ணப்பங்களையும் சேர்த்துச் சொல்லட்டும். அப்போதுதான் அது சாட்சி, இல்லாவிட்டால் விளம்பரம். கேட்காமல் காத்திருப்பதாக ஒருவர் விரதம் எடுத்தால், அதன் பசி அவர் வயிற்றோடு நிற்குமா என்பதை முதலில் பார்க்கட்டும். அடுத்தவர் வாடகையும் பிள்ளையின் சோறும் அதில் தொங்கினால், அங்கே வாய்திறந்து கேட்பதே விசுவாசம். ஹல் நகர மருத்துவர் ஞாபகப்படுத்து என்று சொல்லியிருந்தார். அதைச் செய்திருந்தாலும் டெய்லர் சீனாவுக்குப் போயிருப்பார். வீட்டுக்காரம்மாவின் வாடகையும் எதிர்பாராத நோயாளி ஒருவரின் வருகையைச் சார்ந்து நின்றிருக்காது.