புகையிலை விடு தூதும் புதியவர் வரவேற்பும்

தூது விடுதற்கு உரியவை இவை எனப் பாட்டியல் நூலோர் பத்தினை வகுத்துள்ளனர். அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என்பன அவை. பிற்காலப் புலவர்கள் இந்த வேலியைத் தாண்டினர். தமிழையே தூது விட்டார் ஒருவர். பணத்தை விட்டார் ஒருவர். நெல்லையும் துகிலையும் கழுதையையும் விட்டோரும் உண்டு. இவ்வரிசையில் சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகன்பால் விடுத்த தூது புகையிலை. அறுபது கண்ணியைக்கூட எட்டாத இச்சிறு நூலை 1939ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். அப்போது அவருக்கு அகவை 84. சிந்தாமணியும் சிலம்பும் புறநானூறும் பதிப்பித்த கை, இந்தச் சிறு சுவடியையும் அதே அக்கறையோடு அச்சேற்றியது.

இந்நூலைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. சொல் விளையாட்டு, சிலேடைப் பயிற்சி, அதற்குமேல் ஒன்றுமில்லை என்பது ஒன்று. தீய பழக்கத்தைப் போற்றும் நூல், மாணவர் கையில் கொடுக்கத் தகாதது என்பது மற்றொன்று. இரண்டும் நூலைப் படிக்காமலே சொல்லத்தக்க கருத்துகள். படித்தவர்க்கு வேறொரு வினா எழும். அமெரிக்க மண்ணிற் பிறந்து, பிற்காலத்தில் போர்த்துகீசியர் வழியே இந்நாட்டுக்கு வந்த ஓர் இலைக்குத் தமிழில் இத்துணை உரிமை எப்படிக் கிடைத்தது என்பதே அவ்வினா.

விடை புலவர் கூறும் கதையிலேயே உள்ளது. முன்னொரு காலத்தில் பிரமன், திருமால், சிவன் மூவருக்கும் இடையே ஒரு வழக்கு எழுந்தது. அது தேவர் அவைக்கு வந்தது. தேவர்கள் மூவர் கையிலும் ஒவ்வோர் இலையைக் கொடுத்து, மறுநாள் கொண்டு வருமாறு பணித்தனர். சிவன் பெற்ற வில்வத்தை அவர் சடையிலிருந்த கங்கை அடித்துச் சென்றது. திருமாலின் துளசியைப் பாற்கடல் கொண்டது. பிரமனோ தான் பெற்ற புகையிலையைத் தன் நாவில் உறையும் கலைமகளிடம் கொடுத்து வைத்தான். மறுநாள் அவன் இலை மட்டும் போகவில்லை. போகாத அவ்விலை 'போகையிலை' ஆயிற்று. அதுவே மருவிப் 'புகையிலை' ஆயிற்று என்பது கதை.

சொல்லாராய்ச்சியாளர் இதனைக் கேட்டு நகைப்பர். நகைக்க வேண்டும் என்பதே புலவரின் கருத்தும் ஆகும். எனினும் இக்கதையின் கட்டுக்கோப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். அடிமுடி தேடிய புராணத்தில் தாழம்பூவைப் பொய்ச்சான்றாகக் கொணர்ந்து தோற்றவன் பிரமன். ஒரு மலரால் தோற்றவன் இங்கே ஓர் இலையால் வெல்கின்றான். மேலும் அவ்விலை பாதுகாக்கப்பட்ட இடம் கருவூலமன்று, கலைமகள் தங்கிய நா. புகையிலையை வாயில் அடக்கிக் கொண்டு பாட்டுக் கட்டிய புலவர் கூட்டம் இதைக் கேட்டு எப்படிச் சிரித்திருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். தங்கள் கூட்டத்தின் பழக்கத்துக்குத் தாங்களே எழுதிக்கொண்ட பட்டயம் இது.

நேற்று வந்த பொருளுக்கு யுகங்களுக்கு முந்திய பிறப்பைக் கற்பித்தது புலவர் செய்த வேலை. துளசியும் வில்வமும் அமர்ந்த பந்தியில் புகையிலைக்கும் ஓர் இலை போட்டார். தெய்வங்களோடு சிலேடையால் இணைத்து உறவும் கொண்டாடினார். புதியவனை ஊருக்குள் ஏற்கும் பழைய குடியினர், 'இவன் நம் பாட்டன் வழியில் ஏதோ ஓர் உறவு' என்று சொல்லித் திண்ணையில் இடம் கொடுப்பதுண்டு. அந்தத் திண்ணை வழக்கத்தைத் தமிழ்ச் செய்யுள் ஓர் இலைக்குச் செய்தது. இந்த வரவேற்புப் பண்பைத்தான் நூலின் உயிர் எனக் கொள்ள வேண்டும். சிலேடை அதன் உடை.

இதே வரவேற்பு அரண்மனையில் எவ்வாறு நடந்தது என்பதற்கு அசத் பேக் பாரசீக மொழியில் எழுதிய நினைவுக் குறிப்பு சான்று. பேரரசர் அக்பரின் ஆணைப்படி பீசப்பூர் சென்று மீண்ட இவர், 1604ஆம் ஆண்டையொட்டி, அங்கே கண்ட புதுமையான புகையிலையையும் மணி பதித்த புகைக்குழாயையும் அரசர் திருமுன் வைத்தார். மருத்துவர் தடுத்தார். தம் நாட்டு நூல்களில் சொல்லப்படாத, சோதித்தறியாத பொருள் என்பது அவர் வாதம். எவ்வழக்கமும் ஒரு காலத்தில் புதியதாகத்தானே இருந்தது என்பது அசத் பேக் வாதம். அக்பர் பின்னவர் பேச்சைப் பாராட்டினார். கொணர்ந்தவர் மனம் மகிழ இரண்டு மூன்று முறை இழுத்தும் பார்த்தார். இதன்பின் நிகழ்ந்ததுதான் கவனிக்கத்தக்கது. அசத் பேக் தாம் நிறையக் கொண்டு வந்திருந்த இலையையும் குழாய்களையும் பிரபுக்கள் பலருக்கு அனுப்பினார். அனுப்பாதவர்கள் ஆளனுப்பிக் கேட்டனர். ஒருவர் விடாமல் எல்லாரும் விரும்பினர். பிறகு வணிகர் விற்கத் தொடங்கினர். வழக்கம் எங்கும் பரவியது. அரசர் மட்டும் அதனைக் கைக்கொள்ளவில்லை.

சில வரிகளில் முடிந்துவிடும் இக்குறிப்பில் ஒரு சமூக வரலாறே அடங்கியுள்ளது. முதலில் கொடை, அடுத்து வேண்டுகோள், அதன்பின் சந்தை. கொடுத்தவரிடம் வஞ்சம் இல்லை. தாம் சுவைத்ததைப் பிறரும் சுவைக்கட்டும் என்ற மகிழ்ச்சிதான் இருந்தது. ஆயினும் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து, 1617இல், அக்பரின் மகன் சகாங்கீர் புகையிலையைத் தடை செய்ய நேர்ந்தது. (அசத் பேக் பேசிக்கொண்டிருந்த அதே 1604இல் இங்கிலாந்தில் முதலாம் ஜேம்சு மன்னர் புகையிலையைச் சாடி ஒரு நூலே எழுதி வெளியிட்டார். இரண்டு மன்னர் ஆணைகளையும் மக்கள் ஒருபடியாகவே மதித்தனர், அஃதாவது மதிக்கவில்லை.) அந்த மருத்துவரின் பெயர் எவர் நினைவிலும் நிற்கவில்லை. சோதித்தறியாதது என்று அவர் சொன்னதோ முழு உண்மை. சோதனை முடிய மூன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

புகைக்குழாயைச் சுங்கான் என்றும் தமிழர் வழங்கினர். சுருட்டையும் வெண்சுருட்டையும் போலன்று இது. கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. இலையை மூன்று முறையாகக் கிண்ணத்தில் இட வேண்டும்: அடியில் தளர்வாக, நடுவில் சற்று அழுத்தி, மேலே இறுக்கி. முதற் பற்றவைப்பில் இலை மேலெழும்பும். அதை அழுத்தி மீண்டும் பற்றவைக்க வேண்டும். பிரையர் என்னும் மத்தியதரைக்கடற் பகுதிச் செடியின் வேர்முண்டில் கடைந்த புதுக் குழாயானால், உள்ளே கரிப்படலம் படியும் வரை பாதிக் கிண்ணமாகவே நிரப்பிப் பழக்க வேண்டும். விரைந்து இழுத்தால் நா எரியும். இவற்றை ஏட்டில் படித்துத் தேர்ந்தவர் குறைவு. ஆகவே புதியவருக்கு ஒரு மூத்தவர் தேவைப்படுகிறார். அவர் தம்மிடம் மிகுதியாக உள்ள குழாய் ஒன்றைக் கொடுப்பார். தகரப்பெட்டியைத் திறந்து ஒரு பிடி அள்ளித் தருவார். பக்கத்தில் இருந்து திருத்துவார். உலகெங்கும் சுங்கான் பிடிப்போரிடையே இவ்வண்மை ஒரு வழக்கமாகவே நின்று விட்டது.

இது தூய ஈகையா? முழுதும் அன்று. திறந்த பெட்டியின் இலை உலர்ந்து போகும். ஒருவரால் முடிப்பதற்குள் கெடும். அதைவிடப் பெரிய காரணம், தனிச்சுவைக்குச் சான்று வேண்டும் என்பது. தாம் கண்ட இன்பத்தைக் கண்டு தலையசைக்க இன்னொருவர் இல்லையேல் அது பாதி இன்பமே. ஜே. எம். பேரி 1890இல் வெளியிட்ட 'மை லேடி நிகோட்டின்' என்னும் நூல் இதைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டுகிறது. ஆர்க்கேடியா என்னும் ஒரு புகையிலைக் கலவையைச் சுற்றி மணமாகாத நண்பர்களின் வட்டம் ஒன்று. அக்கலவையை அறிந்தோர், அறியாதோர் என உலகமே அவர்கட்கு இரண்டாகப் பிரிகிறது. கதை சொல்பவனோ திருமணத்தின் பொருட்டுப் புகையைத் துறந்தவன். துறந்தது நலமே என வாயால் சொல்லிக்கொண்டே பக்கம் பக்கமாகப் பழைய நாளை எண்ணி ஏங்குகிறான். அவன் ஏக்கம் இலைக்காக மட்டும் அன்று, அவ்வட்டத்துக்காக. பேரியின் நகைச்சுவையில் உள்ள துயரம் இதுவே. சீனிச்சர்க்கரைப் புலவரிடம் இத்துயரம் இல்லை. அவர் வட்டம் கலையவில்லை.

மலேசியத் தமிழ் மாணவர்க்கு இப்பொருள் அயலானதன்று. மலாய் மக்களின் தெப்பாக் சிரே என்னும் வெற்றிலைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, காசுக்கட்டி ஆகியவற்றோடு பின்வந்த புகையிலைக்கும் இடம் கிடைத்தது. பெண் கேட்கச் செல்வோர் முதலில் நகர்த்துவது அத்தட்டைத்தான். மலாய் நூல்களில் முன்னுரைக்குச் 'செக்கப்பூர் சிரே' எனத் தலைப்பிடும் வழக்கம் இன்றும் உள்ளது. சுண்ணாம்பு தடவிய ஒரு வெற்றிலை என்பது அதன் பொருள். வாசகனை வீட்டு வாயிலில் நிற்கும் விருந்தாளியாகக் கருதும் இச்சொல் தமிழாசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டத் தக்கது. தோட்டப்புற லயங்களிலும் வெற்றிலைப் பெட்டி நகராமல் பேச்சு நகர்ந்ததில்லை.

ஆனால் புதியவரை வரவேற்ற கைகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. இதற்கு அம்பாங்கின் பழைய வரலாறே போதும். 1857இல் கிள்ளான் ஆற்றின் வழியே ஈயம் தேடி அனுப்பப்பட்ட 87 சீனத் தொழிலாளர் சென்று சேர்ந்த இடம் இது. ஒரு மாதத்திற்குள் அவருட் பெரும்பாலோரைக் காய்ச்சல் கொண்டு போயிற்று. இருந்தும் ஆட்கள் தொடர்ந்து வந்தனர். அவ்வாறு வந்தோரைச் 'சின்கே' என்றனர். புதிய விருந்தினர் என்பது அதன் பொருள். எவ்வளவு இனிய சொல்! அவ்விருந்தினர்க்கு அரிசியும் அபினும் மதுவும் கடனாகத் தரப்பட்டன. விலை மட்டும் சந்தையினும் கூடுதல். கணக்குப் புத்தகத்தில் ஏறிய அக்கடனால் அவர்கள் ஆண்டுக்கணக்கில் சுரங்கத்தோடு கட்டுண்டு கிடந்தனர். அபின் வரிக்குத்தகை முதலாளிமார்க்கும் அரசுக்கும் வருவாய் தந்தது. இரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதி கள்ளுக்கடைக்குத் திரும்பிய கதையும் இதற்கு உடன்பிறப்பே.

அசத் பேக் அனுப்பிய இலையும் சுரங்கத்தில் ஏறிய அபினும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். இரண்டிலும் மூத்தவர் புதியவருக்கு ஒன்றை நீட்டுகிறார். முன்னதில் கொடுத்தவர் தாமும் அதையே சுவைக்கிறார், கணக்கு எழுதவில்லை; பின்னதில் கொடுத்தவர் கணக்கு எழுதுகிறார். திறனாய்வாளர் இவ்வேற்றுமையைக் காட்ட வேண்டும். அத்துடன் நின்றுவிடவும் கூடாது. கணக்கு எழுதாத கொடையும் உடலுக்குச் செய்த தீங்கில் குறைவில்லை. சுங்கான் புகையை நுரையீரல்வரை இழுப்பவர் குறைவு என்பது உண்மை. வாய்ப்புற்றும் தொண்டைப்புற்றும் அதனால் விலகுவதில்லை என்பதும் உண்மை. நட்பால் வந்ததென்பதற்காக நஞ்சு தன் இயல்பை விடாது. கொடுத்தவரின் உள்ளம் நல்லதாயிருந்ததும் வாங்கியவரின் உடல் கெட்டதும் ஒரே நிகழ்ச்சியின் இரு பகுதிகள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர் வரலாற்றைப் பாதியாக்குகின்றார்.

இந்நாட்டில் பொதுச் சுகாதாரத்திற்கான புகைபொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் (சட்டம் 852) 2024 அக்டோபர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்துள்ளது. பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குப் புகைபொருள் விற்பது அதன்படி குற்றம். இச்சட்டம் உள்ள நாட்டில் புகையிலை விடு தூதை எவ்வாறு கற்பிப்பது எனச் சில ஆசிரியர்கள் தயங்கலாம். தயக்கம் நியாயமானதே, விலக்குதல் விடையாகாது. பணவிடு தூதைப் படித்தவன் பணப்பித்தன் ஆவதில்லை. கழுதைவிடு தூதைக் கற்பிக்க எவரும் அஞ்சியதில்லை. அவற்றைப் போலவே இதையும் தூது இலக்கணத்தின் வளர்ச்சியில் ஒரு படியாக முதலில் நிறுத்தலாம். அடுத்து மூவர் கதையைச் சொல்லி, வந்தேறிய ஒரு செடிக்குப் புராணம் கட்டிய திறத்தைக் காட்டலாம். சொற்பிறப்பு மெய்யா எனக் கேட்டு, மாணவரையே மறுக்கச் செய்யலாம். அதன்பின் அசத் பேக்கின் குறிப்பை அருகில் வைத்து, அவையில் எதிர்த்துப் பேசிய மருத்துவரின் பக்கத்தை வாதிட ஒரு மாணவரை எழுப்பலாம். தூதில் அவருக்கு இடமில்லை. புலவர் கூட்டத்தில் மறுத்துப் பேச ஒருவரும் இல்லாததே அந்நூலின் குறை. அக்குறையை வகுப்பறை ஈடு செய்யலாம்.

நூலின் முடிவையும் ஒருமுறை நோக்குதல் நன்று. தூது சென்ற பொருள் தலைவனின் மாலையை வாங்கி மீள வேண்டும் என்பது மரபு. மீண்டதா என்று தூது நூல்கள் சொல்வதில்லை. பழனி மலைக்கு ஏறிய புகையிலையும் அங்கேயே நிற்கிறது. அதைப் பற்றவைத்தவரின் பெயரும் மரபும் சுவடியில் தங்கின; அவரோடு அமர்ந்து முதன்முதலாக இழுத்து இருமிய இளைஞர் யார் என்பதைச் சுவடி சொல்லவில்லை.