சீரான ஐட்லிங்கின் கலை

ஆக்சிலேட்டரில் கால் படாதபோதும் என்ஜின் தானாகவே மெல்ல ஓடிக்கொண்டிருக்கும் நிலையே ஐட்லிங் எனப்படும். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடர் காரின், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் சோலெக்ஸ் கார்புரேட்டர் பொருத்திய பழைய பெட்ரோல் என்ஜினில் இந்த ஓட்டம் தடுமாறும்போது, தேர்ந்த மெக்கானிக் கார்புரேட்டரைக் கடைசியாகவே தொடுகிறார் என்பது இக்கலையின் முதல் நுட்பம். பிளக்கின் கரிப்படிவு, தீப்பொறியின் நேரத்தை ஒழுங்குபடுத்தும் பாயிண்டின் இடைவெளி, வால்வு இடைவெளி ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னர், கார்புரேட்டரும், கலவையை என்ஜினுக்குள் கொண்டுசெல்லும் குழாயான மேனிஃபோல்டும் சேருமிடத்தில் அவர் சிறிது சோப்பு நீரைத் தெளிக்கிறார். அந்நொடியே ஓட்டம் மாறினால், இணைப்பை அடைக்கும் காஸ்கெட் தேய்ந்து, அதன் வழியே கணக்கில் வராத காற்று நுழைந்து, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையின் விகிதத்தைக் குலைக்கிறது என்பது தெளிவாகிறது.

அதன் பின்னரே, ஐட்லிங்குக்கான பெட்ரோலை அளந்துவிடும் நுண்துளையான ஸ்லோ ஜெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, சூடேறிய என்ஜினில் கலவைத் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று எனத் திருப்பி, ஓட்டம் மிகச் சீராக ஒலிக்கும் புள்ளியைக் காதாலேயே கண்டறிகிறார். கலவையில் பெட்ரோல் குறைந்தால் என்ஜின் விட்டுவிட்டு இடறும். மிகுந்தால் புகை கறுத்து நெடி வீசும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய எல்லையைக் கருவியின்றி உணரும் செவி, பல்லாண்டு உழைப்பில் விளைந்த, போற்றத்தக்க தொழிலறிவாகும்.