கல்லில் உடுத்திய டோகா

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள் நம் பெரியவர்கள். பண்டைய ரோமானியச் சிற்பங்களைப் பார்த்தால் ஆடை முக்கால் என்றே சொல்லத் தோன்றுகிறது.

டோகா என்பது தையல் இல்லாத கம்பளித் துணி. நம் எட்டு முழ வேட்டியைவிட நீளமானது. ஏறக்குறைய அரைவட்டமாக நெய்யப்படுவது. ரோமானியக் குடியுரிமை உள்ளவனுக்கு உரிய உடை அது. அடிமைக்கோ அயலானுக்கோ அந்த உரிமை இல்லை. இடது கை எப்போதும் மடிப்பைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே டோகா கட்டியவன் கைவேலை செய்பவன் அல்ல என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும். இந்தச் சிரமத்தால் பலர் அதைத் தவிர்த்தனர் போலும். டோகா இல்லாமல் பொதுமன்றத்துக்குள் வரக்கூடாது என்று பேரரசர் அகஸ்டஸ் உத்தரவிட்டதாக சூடோனியஸ் எழுதுகிறார்.

அதே அகஸ்டஸின் புகழ்பெற்ற சிலை 1863-இல் பிரிமா போர்ட்டாவில் கிடைத்தது. இப்போது வத்திக்கானில் உள்ளது. மார்பில் கவசம், காலில் செருப்பே இல்லை! தெய்வத்தன்மையைக் காட்டும் அடையாளம் அது என்பர். நம் தீர்த்தங்கரர் சிலைகளில் ஆடையின்மை துறவைக் குறிக்கும். இங்கோ வெறுங்கால் அதிகாரத்தைக் குறிக்கிறது. எல்லாம் உள்ளவருக்கு ஒன்று குறைந்தாலும் கௌரவம் குறையாது.

ஆனால் புதிதாக மேலே வந்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ரோம் நகரின் போர்ட்டா மஜ்ஜோரே வாயிலருகே யூரிசாசஸ் என்பவரின் கல்லறை இருக்கிறது, சுமார் கி.மு. 30-ஐச் சேர்ந்தது. இவர் ரொட்டி வியாபாரி, ஒப்பந்தக்காரர்; விடுதலை பெற்ற அடிமை என்பது அறிஞர் பலரின் கருத்து. தொழிலை அவர் மறைக்கவில்லை, கல்வெட்டிலேயே பொறித்துவிட்டார். மேல்வரிச் சிற்பத்தில் மாவு அரைப்பது, பிசைவது, அடுப்பில் சுடுவது, ரொட்டியை எடைபோடுவது எல்லாம் வரிசையாக இருக்கின்றன. வேலைக்காரர்கள் குட்டையான டூனிக்கில். மேற்பார்வை செய்பவர்கள் டோகாவில்.

கலை நயத்தில் அகஸ்டஸ் சிலைதான் உயர்ந்தது, மறுக்கவில்லை. வியாபாரியான என் கண்ணுக்கு இந்த ரொட்டிக்காரர் கல்லறைதான் அதிகம் பேசுகிறது. பாடுபட்டுப் பெற்ற மரியாதையைச் சாவுக்குப் பிறகும் யாரும் பறித்துவிடக் கூடாதே என்ற கவலை அதில் தெரிகிறது. அது நியாயமான கவலைதான். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். யூரிசாசஸின் பெயர் அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. மாவு பிசைகிறவர்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை. அவர்களிலும் அடிமைகள் இருந்திருப்பார்கள். அந்த நிலையிலிருந்து மீண்டவர் என்றால், அவர்களின் பெயரை இவராவது எழுதியிருக்கலாம்.