கப்பலில் இல்லாதவர் எழுதிய போர்

ஜெரமையா ரெனால்ட்ஸ் 1835இல் வெளியிட்ட 'பொடோமாக்' போர்க்கப்பல் பயண நூலை இரண்டு வாரமாக வாசித்தேன். 'மோபி டிக்' நாவலுக்குத் தூண்டுதலாக இருந்த 'மோச்சா டிக்' திமிங்கிலக் கதையை எழுதியவர் இவர். கை தேர்ந்த கதைசொல்லிதான், மறுக்க முடியாது.

நூலில் வரும் ஊர் நமக்கு எதிர்க்கரை. சுமத்ராவின் மேற்குக் கடலோரம், ஆச்சேயின் கோலா பத்து. அமெரிக்காவின் சேலம் நகர வணிகர்கள் (நம்ம சேலம் இல்லை, மசாசூசெட்ஸ் சேலம்) அந்தக் கரையில் மிளகு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எடையில் இரு தரப்பும் ஏமாற்றியதுண்டு. 1831 பிப்ரவரியில் 'பிரண்ட்ஷிப்' என்ற சேலம் கப்பலை ஊர்க்காரர்கள் கைப்பற்றினார்கள். மாலுமிகள் மூவர் கொல்லப்பட்டார்கள்.

அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் 'பொடோமாக்'கை அனுப்பினார். முதலில் விசாரிக்க வேண்டும், ஈடு கேட்க வேண்டும் என்பது கட்டளை. கேப்டன் ஜான் டவுன்ஸ் எதையும் கேட்கவில்லை. டேனிஷ் வணிகக் கப்பல் போல வேஷம் போட்டு வந்து, 1832 பிப்ரவரி 6 விடியலில் 282 பேரைக் கரையில் இறக்கினார். ஊர் எரிந்தது. அமெரிக்கர் இருவர் செத்தார்கள், ஊர்க்காரர்கள் நூறு பேருக்கு மேல்.

ரெனால்ட்ஸ் இதை நியாயப்படுத்துகிறார். ஆனால் அன்றைக்கு அவர் அங்கே இல்லவே இல்லை. பல மாதம் கழித்து, சிலியின் வால்பரைசோவில்தான் கப்பல் ஏறினார், அதுவும் டவுன்ஸின் செயலாளராக.

என் முதல் வேலையில் ஒரு சைட் விபத்துக்கு நான்தான் ரிப்போர்ட் எழுதினேன். விபத்தன்று நான் லீவு. மேலதிகாரி சொல்லச் சொல்ல டைப் செய்தேன். அடிபட்டவரைப் பற்றி அதில் இருந்தது ஒரே சொல்: 'கவனக்குறைவு'. அவரிடம் யாரும் கேட்கவில்லை, நானும்தான். அதனால் ரெனால்ட்ஸின் சரளம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இப்படி எழுதுவது எவ்வளவு சுலபம்னு எனக்குத் தெரியும்.

நூலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. படியுங்கள், கூடவே போ ஆடமைத் தேடிப் பாருங்கள். 'பிரண்ட்ஷிப்'பை மீட்க சேலம்காரர்களுக்குத் துணை நின்ற உள்ளூர்த் தலைவர் அவர். அந்த உதவிக்காகத் தன் ஆட்களிடமே பகையைச் சம்பாதித்து, சொத்தையும் இழந்தார்.

1839 ஜனவரியில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் அதே கரைக்கு மறுபடி வந்து முக்கி என்ற ஊரை எரித்தன. அந்த வருஷம் மார்ச்சில் சேலம் நகரம் தனக்கொரு முத்திரையை ஏற்றுக்கொண்டது. அதில் பாய் விரித்து வரும் ஒரு கப்பல். கரையில் மரங்களின் பக்கத்தில் குடையோடு நிற்கும் கீழ்த்திசை மனிதர். அது போ ஆடம்தான் என்று சொல்பவர்கள் உண்டு.