குருத்தெலும்பு வளர்ந்ததா, குழி நிரம்பியதா?

ஸ்டெம் செல்லைச் சாரத்தில் ஏற்றி மூட்டினுள் வைத்தால் தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளரும் என்ற விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டடத்துக்குச் சாரம் போல, கொலாஜன் முதலிய பொருள்களாலான சாரம் செல்களைத் தாங்கி நிற்கும். நல்ல யோசனைதான். ஆனால் வளர்ந்தது என்பதற்குச் சான்று எது?

இத்துறையின் முன்னோடி ஆய்வையே பாருங்கள். 1994இல் ஸ்வீடன் மருத்துவர்கள், நோயாளியின் குருத்தெலும்புச் செல்களையே எடுத்துப் பெருக்கி, சாரமின்றி, 23 பேரின் முழங்காலில் வைத்தனர். தொடையெலும்பு முனையில் 16 பேரில் 14 பேருக்கு நற்பலன். முழங்காற்சில்லில் 7 பேரில் இருவருக்கே. அவர்கள் 14 முதல் 48 வயதினர். குருத்தெலும்பில் ஆழ்ந்த குழி விழுந்தவர்கள். முதுமைத் தேய்மானம் அங்கே சோதிக்கப்படவில்லை. ஒப்பிட வேறு சிகிச்சை பெற்ற குழுவும் இல்லை. இதுவே அதன் பெருங்குறை.

அக்குறையை நார்வே ஆய்வு நீக்கியது. 80 பேரில் பாதிப்பேருக்குச் செல் மாற்று. மறுபாதிக்கு எலும்பில் நுண்துளையிடும் எளிய முறை. துளை வழியே மஜ்ஜையின் ஸ்டெம் செல்கள் வந்து குழியை நிரப்பும். 2004இல் வெளியான ஈராண்டு முடிவில், புதுத் திசுவின் தரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை!

குழி நிரம்புவது வேறு, குருத்தெலும்பு வளர்வது வேறு. பல வேளைகளில் உண்டாவது நார்க்குருத்தே. அது இயற்கைக் குருத்தெலும்பைப்போல் உழைக்காது. ஆகவே சாரத்தைப் புகழ்வோரிடம் கேளுங்கள்: எந்தத் திசு வளர்ந்தது? எதனோடு ஒப்பிட்டீர்கள்? எத்தனை ஆண்டு கவனித்தீர்கள்?